எட்டுத் தையல் போட்ட கண்

கண்ணுக்குள் பிளாஸ்டிக் வைக்கலாம் என்று டாக்டர் வெங்கடராமன் சொன்னதும் கரீம் பாட்சா எழுந்து செருப்பைத் தேடினார். செருப்பு செம்பூர் நர்ஸிங் ஹோமின் வாசற்படியில் கிடந்தது. டாக்டரின் மேஜைக்கு அடியில் அது அகப்பட வழியே இல்லை. இருந்தாலும் குனிந்து தேடினார். கண்ணுக்கு இப்படி ஓர் ஆபத்து வந்திருக்கும்போது காலையாவது காப்பாற்றிக்கொள்வோம் என்று நினைத்திருக்கலாம்.

"உக்காருங்கோ பாய்," என்றார் டாக்டர். "பிளாஸ்டிக்னா வாளி செய்யற பிளாஸ்டிக் இல்லை. சீமையிலேர்ந்து வர்றது. கண்ணாடி மாதிரி சுத்தமா இருக்கும்."

"எங்கேயிருந்து வந்தாலும் பிளாஸ்டிக் பிளாஸ்டிக்தானே டாக்டர் சாப்."

பக்கத்து நாற்காலியில் இருந்த பிரம்மநாயகம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் ஏன் சிரித்தார் என்பது தாராவியில் பாதிப் பேருக்குத் தெரியும். தொண்ணூறடிச் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் கரீம் பாட்சாவின் தோல்பைப் பட்டறை இருந்தது. அசல் தோலைத் தவிர வேறெதுவும் அதன் வாசலைத் தாண்டியதில்லை. பைக்கு உள்பக்கம் மட்டும் ரெக்ஸின் வைத்தால் விலை இறங்குமே என்று ஒரு சேட் ஒருமுறை யோசனை சொன்னார். கரீம் பாட்சா அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். சந்து முனைவரை கூடவே நடந்து போனார். இனி இந்தச் சந்துக்குள் வர வேண்டாம் என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டு திரும்பினார். ரெக்ஸின், பிளாஸ்டிக், ஃபோம் எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே பேர்தான்: நக்லி மால், போலிச் சரக்கு. அந்த நக்லி மாலை அவருடைய கண்ணுக்குள்ளேயே குடிவைக்கலாம் என்கிறார் ஒரு படித்த மனிதர்.

பிரம்மநாயகத்துக்கு அதே சந்தில் முறுக்குக் கடை. இருவருக்கும் ஊர் திருநெல்வேலிப் பக்கம், இருவருக்கும் இரண்டு கண்ணிலும் புரை. ஒருவர் முகம் மற்றவருக்கு மங்கலாகத் தெரிய ஆரம்பித்த பிறகும் சண்டை மட்டும் மங்கவில்லை. டாக்டரிடம் போவதென்றால்கூட, எதிரே வருவது லாரியா பஸ்ஸா என்று வழியெல்லாம் வாதாடிக்கொண்டுதான் போனார்கள். அது பெரும்பாலும் டாக்ஸியாக இருந்தது.

ஆனால் கரீம் பாட்சாவுக்குக் கண் வேண்டியது லாரியைப் பார்க்க அல்ல, வெட்டுவதற்கு. பட்டறையில் தைக்க ஆள் உண்டு, ஒட்ட ஆள் உண்டு. தோலை வெட்டுவது அவர் மட்டும். அதிலும் பையின் நீளமான வார் இருக்கிறதே, அதை ஸ்கேல் வைக்காமல், கோடு போடாமல், ஒரே இழுப்பில் நேராக வெட்டுவார். ஸ்கேல் வைத்து வெட்டுகிறவனைப் பார்த்தால், "பள்ளிக்கூடத்துல வாத்தியாராப் போக வேண்டியவன், வழி தப்பி வந்துட்டான்" என்பார். 'பாட்சா பாய் வார்' என்றால் கிராஃபோர்ட் மார்க்கெட்டில் தனி மதிப்பு. அந்தக் கை நின்றுவிட்டாலும் பட்டறை நடக்கும். அவர்தான் அதில் எதற்கும் உதவாத ஒரு சாமானாக உட்கார்ந்திருக்க வேண்டும். இந்த பயத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமலேயே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

டாக்டர் வெங்கடராமன் மாட்டுங்காக்காரர். பொறுமை அதிகம். காகிதத்தில் ஒரு வட்டம் போட்டு விளக்கினார்.

"ரெண்டு வழி இருக்கு. பழைய வழின்னா, கருவிழி ஓரமா பாதி வட்டத்துக்கு வெட்டுவோம். உள்ளே இருக்கற புரையை அதோட உறையோட முழுசா எடுத்துடுவோம். பட்டு நூல்ல எட்டுத் தையல். அப்புறம் தடிக் கண்ணாடி போட்டுக்கணும். புது வழியில வெட்டு கொஞ்சம் சின்னது. உறையை அப்படியே விட்டுட்டு உள்ளே இருக்கறதை மட்டும் எடுத்துட்டு, அந்த எடத்துல லென்ஸை வச்சுடுவோம். முடியை விட மெல்லிசா நைலான் நூல். அஞ்சு தையல் போறும்."

இவ்வளவு நீளமான விளக்கத்தில் கரீம் பாட்சாவின் காதில் விழுந்தது இரண்டே சங்கதி. பட்டு நூல், எட்டுத் தையல். நைலான் நூல், அஞ்சு தையல்.

தோல் தொழிலில் இருக்கிற யாரும் ஒரு பையைக் கையில் வாங்கியதும் முதலில் அதன் அழகைப் பார்க்கமாட்டார்கள். திருப்பிப் போட்டு, விரல் நீளத்துக்கு எத்தனை தையல் விழுந்திருக்கிறது என்று எண்ணுவார்கள். நெருக்கமாக விழுந்தால் நாணயமான வேலை. தள்ளித் தள்ளி விழுந்தால் திருட்டு வேலை. இதில் நூல் வேறு நைலான்.

"எட்டு," என்றார் கரீம் பாட்சா.

"என்ன எட்டு?"

"பட்டு நூல், எட்டுத் தையல். அதையே போட்ருங்க."

"பாய், தையல் கூடினா வேலை ஒசத்தின்னு அர்த்தம் இல்லை. வெட்டு பெரிசுன்னு அர்த்தம்."

"வெட்டைப் பத்தி எனக்கா சொல்லுதீங்க?"

டாக்டர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. எண்பத்தேழாம் வருஷம் அது. கண்ணுக்குள் லென்ஸ் வைப்பதைப் பற்றிப் பம்பாயின் பெரிய டாக்டர்களே இரண்டு கட்சியாக இருந்தார்கள். வெங்கடராமனே அதை ஆரம்பித்து அதிக நாள் ஆகவில்லை. உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டு பிரம்மநாயகத்தின் பக்கம் திரும்பினார்.

"எனக்குப் பிளாஸ்டிக்கே வச்சிருங்கய்யா," என்றார் பிரம்மநாயகம். "கண்ணாடி போட்டா எண்ணெய்ச் சட்டி முன்னால நிக்க முடியாது. ஆவி படிஞ்சுரும்."

அவர் செய்த ஆராய்ச்சி அவ்வளவுதான்.

ஒரே நாளில் இருவருக்கும் ஆபரேஷன். இருவருக்கும் வலது கண். ஒரே அறையில் அடுத்தடுத்த கட்டில். கரீம் பாட்சாவின் தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து, இரண்டு கண்ணையும் கட்டி, அசையக்கூடாது, இருமக்கூடாது, தும்மக்கூடாது, குனிந்து தொழக்கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார்கள். கஞ்சியைக்கூட அவர் மனைவி நஜ்முன்னிசா குழலில் ஊட்டினாள். மறுநாள் காலையில் பக்கத்துக் கட்டிலிலிருந்து ஏதோ மெல்லும் சத்தம் கேட்டது.

"வே, அங்க என்ன சத்தம்?"

"இட்லி," என்றார் பிரம்மநாயகம்.

"படுத்துக்கிட்டா திங்கீரு?"

"உக்காந்து. சம்மணம் போட்டு."

கரீம் பாட்சா சிறிது நேரம் கட்டுக்குள்ளேயே யோசித்தார். "அதான் பாத்துக்கிடும். நக்லி மாலை யாரும் பத்திரமா வைக்கச் சொல்லமாட்டான். அஸ்லி மாலுக்குத்தான் மணல் மூட்டை."

"உம்ம தலை உருண்டு ஓடிரக் கூடாதுன்னு வச்சிருக்காங்கவே."

நஜ்முன்னிசா இருவரையும் பேசாமல் இருக்கச் சொன்னாள். கரீம் பாட்சா பேசாமல் இருக்கிற ரகம் இல்லை. அசையாமல் படுத்தபடியே தொழில் பெருமைக்குப் போனார். இரண்டு வருஷமாகத் தன் பட்டறையில் சில்லறை பர்ஸ் போடுவதைப் பற்றிச் சொன்னார். நஜ்முன்னிசாவின் யோசனை அது. கிராஃபோர்ட் மார்க்கெட்டில் கேட்டுக் கேட்டு வாங்குகிறார்கள். துண்டுத் தோலைக்கூடக் காசாக்குகிற பெண்பிள்ளை வேறு எவனுக்கு வாய்த்திருக்கிறாள்? வழக்கமாக இதற்கெல்லாம் ஒரு குத்தல் வைத்திருக்கும் பிரம்மநாயகம் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. மெல்லும் சத்தம்கூட நின்றுவிட்டது. நஜ்முன்னிசா கஞ்சி டம்ளரைக் கழுவப் போய்விட்டாள்.

தையல் ஆறி, தடிக் கண்ணாடி வந்த நாளில்தான் முதல் இடி விழுந்தது. சோடா பாட்டிலின் அடிப்பாகத்தை அறுத்து வைத்த மாதிரி ஒரு கண்ணாடி. அதை வீட்டில் மாட்டிக்கொண்டு கரீம் பாட்சா தன் கையைப் பார்த்தார். அது அவருடைய கை இல்லை. அவ்வளவு பெரிய கை அவர்கள் குடும்பத்திலேயே யாருக்கும் கிடையாது. திரும்பிக் கதவைப் பார்த்தார். கதவின் நிலை இரண்டு பக்கமும் இடுப்பு ஒடுங்கி உடுக்கை மாதிரி நின்றது. யாரும் இல்லாத இடத்திலிருந்து திடீரென்று நஜ்முன்னிசா முளைத்தாள். அவள் அடுப்பிலிருந்து சாவதானமாகத்தான் நடந்து வந்திருந்தாள். கண்ணாடியின் ஓரத்தில் எங்கோ தொலைந்து, நடுவில் வந்து குதித்தாள். அவர் பயந்து பின்னால் சாய்ந்தார்.

"என்னங்க, சைத்தானைப் பாத்த மாதிரி பாக்கீங்க?"

"நீ எங்கேயிருந்து வந்த?"

"மேலப்பாளையத்துல இருந்து. நீங்கதானே கட்டிக் கூட்டிட்டு வந்தீங்க."

அவள் கொடுத்த டீயைத் தம்ளரில் ஆற்றுகிறேன் என்று கிளம்பியவர், தம்ளருக்கு நான்கு விரல் முன்னாலேயே தரையில் ஊற்றினார். தம்ளர் அங்கேதான் இருப்பதாக அவருடைய எட்டுத் தையல் கண் சத்தியம் செய்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் பிரம்மநாயகம் வந்து சேர்ந்தார். மூக்கின் மேல் ஒன்றுமில்லை. தரையில் கிடந்த டீயைத் தாண்டி, சுவரில் இருந்த காலண்டரில் பிறை என்றைக்கு என்று படித்துச் சொன்னார்.

"நடிக்கீரு," என்றார் கரீம் பாட்சா.

"சரி, நடிக்கேன். உம்ம சட்டையில மூணாவது பொத்தான் இல்லை."

கரீம் பாட்சா குனிந்து பார்த்தார். மூன்றாவது பொத்தான் இல்லை. அது போய் எத்தனை காலம் ஆயிற்றோ.

எல்லாம் பழகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவரும் அதையே சொல்லிக்கொண்டு பட்டறைக்குப் போனார். தளவாய் எழுந்து நின்றான். பட்டறையில் தையல் வேலை முழுவதும் அவன் பொறுப்பு. கரீம் பாட்சாவிடம் வந்து சேர்ந்து வெகு காலமாகிறது. பெற்ற பிள்ளைக்குக்கூட இவ்வளவு திட்டு வாங்கப் பொறுமை இருந்திருக்காது.

கரீம் பாட்சா மெத்தையில் உட்கார்ந்து, கத்தியை எடுத்து, தோலை விரித்தார். வாரின் ஆரம்பத்தில் கத்தி முனையால் சின்னதாக ஒரு கீறல் வைத்தார். அது அவருடைய பழக்கம். பிஸ்மில்லா சொல்லும்போது கை தானாக வைப்பது. பிறகு ஒரே இழுப்பு. கத்தி தோலில் ஓடிய சத்தம் பழைய சத்தமாகவே இருந்தது. கண்ணாடி வழியே பார்த்தார். நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது.

"பாத்தியால?" என்றார்.

தளவாய் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. அவன் சொல்லாததுதான் கரீம் பாட்சாவை உறுத்தியது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வாரின் விளிம்பில் கட்டைவிரலை வைத்து மெல்ல ஓட்டினார். வாழ்நாளில் அவர் அப்படிச் செய்து பார்த்ததில்லை. தன் வெட்டைத் தடவிப் பார்ப்பது தன்னையே திருடன் என்று சந்தேகப்படுவது மாதிரி. விரல் நேராகப் போய்க்கொண்டிருந்தது. பிறகு போகவில்லை. வெளிப்பக்கமாக வழுக்கிக்கொண்டு போய், வயிறு தள்ளியவன் இடுப்பில் பெல்ட் போகிற மாதிரி ஒரு சுற்றுச் சுற்றி, கடைசியில் திரும்பி வந்தது.

அவர் விரலை எடுக்கவில்லை. எடுத்தால் அது உண்மையாகிவிடும் என்பது போல அப்படியே வைத்திருந்தார்.

தளவாய் அந்த வாரை மெதுவாக அவர் கையிலிருந்து வாங்கிச் சுருட்டி, மூலையில் இருந்த ஒரு சாக்கில் போட்டான். பழகிய கை செய்கிற வேலை மாதிரி அது நடந்தது. கரீம் பாட்சா அதைப் பார்க்கவில்லை. அவர் பார்வை வெறும் தரையில் இருந்தது.

மறுநாளே செம்பூருக்குப் போனார்.

"தையல் எங்கேயோ விட்டுப்போச்சு டாக்டர் சாப். நல்லாப் பாருங்க."

டாக்டர் விளக்கைப் போட்டுப் பார்த்தார். "பாய், இவ்வளவு அழகாத் தையல் நானே போட்டதில்லை. ஃபர்ஸ்ட் கிளாஸா ஆறியிருக்கு."

"அப்ப நேர்க்கோடு ஏன் வளையுது?"

"தையல் வாசலை மூடறதுக்கு. உள்ளே யார் இருக்கான்னு தையலுக்குத் தெரியாது. உள்ளே இருந்த லென்ஸை எடுத்தாச்சு. அது பண்ணிண்டிருந்த வேலையை இப்போ மூக்கு மேல இருக்கற தடிக் கண்ணாடி பண்றது. அது எல்லாத்தையும் பெரிசாத்தான் காட்டும், ஓரத்தையெல்லாம் வளைச்சுத்தான் காட்டும். நடக்கக் கொள்ளப் பழகிடும். ஆனா நீங்க கேக்கற நேர்..." டாக்டர் முடிக்கவில்லை.

கரீம் பாட்சா தொண்டையைச் செருமிக்கொண்டார். சேட்டைச் சந்து முனைவரை கொண்டுபோய் விட்டுவந்த அந்த மனிதர்தான் அடுத்த வாக்கியத்தையும் பேசியாக வேண்டும்.

"அப்ப இதுலயும் அந்தப் பிளாஸ்டிக்கை வச்சிருங்க."

"எங்கே வைக்கறது? அது உக்கார்றதுக்கு உறை வேணுமே. மெல்லிசா ஒரு பை மாதிரி இருக்கும். புது வழியில அதை விட்டுவைப்போம். உங்களுக்குப் பழைய வழின்னா பண்ணினோம், பையோட சேர்த்து எடுத்தாச்சு. முன்பக்கமா வைக்கற லென்ஸ் ஒண்ணு இருக்கு. சில பேருக்கு அதனால கருவிழியே வெளுத்துப் போயிடுத்து. உங்க கண்ணுல அதை வைக்க எனக்குக் கை வராது."

"பையைத் தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"நான் அன்னைக்கே சொன்னேன் பாய். நீங்க தையலை எண்ணிண்டிருந்தேள்."

காலமெல்லாம் பை செய்தவர் தன் கண்ணில் இருந்த ஒரே பையை, தையல் கணக்குப் பார்த்துத் தூக்கிப்போடச் சொல்லியிருக்கிறார். இதை யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள்; தானே முதலில் சிரித்துவிடலாம் என்று பார்த்தார். சிரிப்பு பாதியில் வேறெதுவாகவோ மாறியது. டாக்டர் எழுந்து ஜன்னலைச் சரியாகச் சாத்தப் போனார். ஜன்னல் ஏற்கெனவே சரியாகத்தான் சாத்தியிருந்தது.

"இடது கண் இன்னும் இருக்கு பாய்," என்றார் ஜன்னலைப் பார்த்தபடி.

வீட்டில் இரண்டு நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மூன்றாம் நாள், இடது கண்ணை அப்படியே விட்டுவிடலாம், இருக்கிற வெளிச்சம் போதும் என்றார். நஜ்முன்னிசா குழாயடிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"பிளாஸ்டிக்னுதானே யோசிக்கீங்க?"

"ஆமா. உள்ளுக்குள்ள நக்லியை வச்சுக்கிட்டு வெளிய அஸ்லி அஸ்லின்னு எந்த வாயால சொல்ல?"

அவள் கையில் இருந்த குடத்தை அவர் முன்னால் தூக்கிக் காட்டினாள். நீலக் குடம். "பித்தளைக் குடத்தைத் தூக்க முடியலன்னு நாலு வருஷத்துக்கு முன்னாலேயே மாத்திட்டேன். இந்தத் தண்ணியிலதான் நீங்க தொழுகைக்கு ஒளு செய்யுதீங்க. இதுல உள்ள தண்ணி நக்லியாவா இருக்கு?"

அது பித்தளைக் குடம் இல்லை என்பதே கரீம் பாட்சாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

மழைக்காலத்தில் இடது கண் ஆபரேஷன் நடந்தது. மேஜையில் படுத்துக்கொண்டே, மனசு கேட்காமல், இன்னும் மூணு தையல் சேர்த்துப் போடக் கூடாதா என்று கேட்டார். டாக்டர் முகமூடிக்குள் சிரித்தார். வெட்டுக்கு ஏற்ற தையல்தான் என்றார். மணல் மூட்டை வைக்கவில்லை. மறுநாள் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். அதைப் பார்க்க பிரம்மநாயகம் முறுக்குப் பொட்டலத்தோடு தாராவியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார், பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததை கரீம் பாட்சா அவர் செய்த மிகப் பெரிய உதவியாக எடுத்துக்கொண்டார்.

கட்டுப் பிரித்துச் சில வாரம் கழித்து, டாக்டரின் அறையில் உட்கார்ந்து பார்த்தபோது எதிரே கதவு இருந்தது. அதன் நிலை நேராக இருந்தது. கரீம் பாட்சா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். உலகத்தில் இவ்வளவு நேர்க்கோடுகள் இருந்தனவா? ஜன்னல் கம்பி, மேஜை விளிம்பு, டாக்டரின் தலை வகிடு, எல்லாம் யாரோ ஒரே இழுப்பில் வெட்டிவைத்த மாதிரி. பிறகு ஒரு ஆசையில், வேண்டாம் என்று டாக்டர் சொல்லியும், தடிக் கண்ணாடியை எடுத்து மாட்டிப் பார்த்தார். இரண்டு வெங்கடராமன்கள் தெரிந்தார்கள். ஒருவர் பெரியவர், ஒருவர் சின்னவர். ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நின்றார்கள்.

"ரெண்டு கண்ணும் ஒத்துப்போகாது," என்றார்கள் இருவரும். "ஒண்ணைத்தான் வச்சுக்க முடியும். கிட்டத்து வேலைக்கு மெல்லிசா ஒரு கண்ணாடி எழுதித் தரேன். வலது பக்கம் மறைச்சுடலாம். அந்தத் தடியைப் பெட்டியில போட்டுடுங்கோ."

பட்டறைக்கு வரும் நாளை கரீம் பாட்சா யாரிடமும் சொல்லவில்லை. வழக்கத்துக்கு முன்னதாகக் காலையிலேயே போய் வாசலில் நின்றார். தளவாய் தரையில் மண்டியிட்டுத் தோலை வெட்டிக்கொண்டிருந்தான். தோலின் மேல் ஓர் இரும்பு ஸ்கேல் இருந்தது.

அதில் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை. முதலாளி ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது ஆர்டர் நிற்குமா? கரீம் பாட்சா அப்படித்தான் எடுத்துக்கொண்டார். ஆனால் நிழல் விழுந்ததும் தளவாய் நிமிர்ந்து பார்த்தான், பார்த்த அதே வேகத்தில் அவன் கை ஸ்கேலை எடுத்து, முதலாளியின் மெத்தையைத் தூக்கி அதன் அடியில் செருகியது. யோசித்துச் செய்த காரியம் இல்லை. கை தானாகச் செய்தது, அவர் கை கீறல் வைக்கிற மாதிரி.

கரீம் பாட்சா போய் மெத்தையைத் திருப்பினார். அது அவரே தைத்த மாட்டுத்தோல் மெத்தை. தோல் எதையும் மறக்காது. அதன் அடிப்பக்கத்தில், நடுவாக, ஸ்கேல் அளவுக்கு ஒரு பள்ளம் ஆழமாகப் பதிந்து பளபளத்தது. ஒரு மழைக்காலத்தில் விழுகிற பள்ளம் இல்லை அது. ஒரு ஆள் தன் முழுக் கனத்தோடு நாள்தோறும் மேலே உட்கார்ந்து அழுத்தி உண்டாக்கியது. அந்த ஆள் யார் என்பதில் சந்தேகமே இல்லை.

"எப்பம் இருந்துல?"

"மொதலாளி..."

"எப்பம் இருந்துன்னு கேட்டேன்."

"ரெண்டு வருசத்துக்கு முந்துன ரம்ஜான்," என்றான் தளவாய். "மூணு பை திரும்பி வந்துச்சு. வார் ரெண்டு பக்கமும் ஒண்ணு போல இல்லைன்னு. நீங்க ஜும்மாவுக்குப் போயிருந்தீங்க. எனக்கு என்ன செய்யன்னு தெரியலை. உங்க வீட்டுக்குப் போய் அம்மாகிட்டச் சொன்னேன். அப்பம் இருந்து நீங்க இல்லாத நேரமாப் பாத்து நான் வெட்டி வைக்கேன்."

கரீம் பாட்சா மூலையில் இருந்த சாக்கை இழுத்துத் தரையில் கொட்டினார். வார்கள் வந்து விழுந்தன. கறுப்பு, பழுப்பு, சிவப்பு. ஒன்று வயிறு தள்ளியது, ஒன்று முதுகு கூனியது, ஒன்று போகிற வழியை மறந்து திரும்பி வந்தது. ஒவ்வொன்றின் ஆரம்பத்திலும் ஒரு சின்னக் கீறல். நகலெடுக்க முடியாத அவர் கையெழுத்து. தடிக் கண்ணாடி வந்து சில மாதம்தான் ஆகிறது. இது இரண்டு வருஷத்துச் சாக்கு. கண்ணாடி கெடுத்த வெட்டு ஒன்றே ஒன்று. மீதி எல்லாம் புரையோடு வெட்டியவை. இரண்டு வருஷமாக கிராஃபோர்ட் மார்க்கெட்டில் பேர் வாங்கிய பாட்சா பாய் வார் ஓர் இரும்பு ஸ்கேல் வெட்டியது. அதன் மேல் உட்கார்ந்துகொண்டு ஸ்கேல்காரர்களை வாத்தியார் என்று ஏசிக்கொண்டிருந்திருக்கிறார்.

அவர் வார்களுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டார். காதுக்குள் பட்டறை மெஷின்கள் ஓடாமலே ஓடுகிற சத்தம் கேட்டது.

நஜ்முன்னிசா கையில் ஒரு துணி மூட்டையோடு வந்தாள். வீட்டில் தைத்த சில்லறை பர்ஸ்கள். வாசலிலேயே நின்று, தரையையும் மெத்தையையும் பார்த்து, மூட்டையைக் கீழே வைத்தாள். கரீம் பாட்சா அதிலிருந்து ஒரு பர்ஸை எடுத்தார். புதிய கண்ணால் முதல்முறையாகப் பார்த்தார். மூடியின் வளைவு அழகாக இருந்தது. அந்த வளைவு அவருடையது. கோணல் விழுந்த இடங்களைத் தேடித் தேடி எடுத்து மூடியாக்கியிருக்கிறாள்.

"சொல்லியிருக்கலாம்ல," என்றார்.

"சொன்னா கத்தியைக் கீழ வச்சிருவீங்க."

"வச்சா என்ன?"

"வச்சுட்டு நாள் பூரா என்ன செய்வீங்க? அண்ணாச்சி கடையில போய் உக்காந்து அந்த மனுசனை முறுக்குச் சுட விடமாட்டீங்க." அவள் மூட்டையை மறுபடி முடிந்தாள். "கத்தி ஓடுத சத்தம் கேட்டாத்தான் இந்தப் பட்டறைக்கு உசுரு. எங்க போகுதுன்னு யாரு பாத்தா."

"பிரம்மநாயகத்துக்கும் தெரியுமா?"

"பர்ஸ் போடலாம்னு யோசனை சொன்னதே அண்ணாச்சிதான்."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அந்த மெல்லும் சத்தம் ஏன் நின்றது என்று கரீம் பாட்சாவுக்கு இப்போது தெரிந்தது. சந்து முழுக்கத் தெரிந்திருக்கிறது. எல்லோருக்கும் கண் நன்றாகத் தெரிந்து, எல்லோரும் தெரியாத மாதிரி இருந்திருக்கிறார்கள். தெரியாத ஒரே ஆள் எல்லாம் தெரிந்த மாதிரி இருந்திருக்கிறார்.

பிறகு அவர் மெல்லிய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். தோலை இழுத்துப் போட்டார். கீறல் வைத்தார். ஒரே இழுப்பு.

முடித்ததும் கண்ணால் பார்க்கவில்லை. கட்டைவிரலை வைத்து ஓட்டினார். விரல் போனது, போனது, போய்க்கொண்டே இருந்து கடைசி முனையில் காற்றில் விழுந்தது. அதுவும் போதாமல் தளவாயிடம் கையை நீட்டினார். அவனுக்கு முதலில் புரியவில்லை. பிறகு அந்த ஸ்கேலைக் கொடுத்தான். கரீம் பாட்சா தன் வாழ்நாளில் முதல்தடவையாக ஒரு ஸ்கேலைத் தன் வெட்டின் ஓரமாக வைத்துப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவில் வெளிச்சம் நுழையவில்லை.

தளவாய் முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். "மொதலாளி, ஸ்கேலை..."

"ஆணி அடிச்சு சுவர்ல மாட்டு. எல்லாரும் பாக்குத மாதிரி. இனி அது மேல உக்கார என் உடம்பு தாங்காது."

நஜ்முன்னிசா தரையில் கிடந்த கோணல் வார்களைப் பொறுக்கிச் சாக்கில் போட்டாள். அதிகம் இல்லை. அவள் சாக்கின் அடிவரை கையை விட்டுப் பார்த்து யோசனையில் ஆழ்ந்தாள்.

"என்ன?"

"இல்ல, நீங்க இனி நேரா வெட்டுனா பர்ஸுக்கு எங்க போறது? கிராஃபோர்ட் மார்க்கெட் சேட் நேத்தும் ஆள் அனுப்பியிருந்தாரு. தீவாளிக்கு நிறைய வேணுமாம். நானும் தளவாயும் சாதாரணமா வெட்டிப் பாத்தோம், அந்த வளைவு வரமாட்டேங்கு."

கரீம் பாட்சா அவளைப் பார்த்தார். தளவாயைப் பார்த்தார். மெல்லிய கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார். ஜிப்பாப் பைக்குள் கையை விட்டு, பெட்டியில் போடச் சொல்லி டாக்டர் உத்தரவிட்ட அந்தத் தடிக் கண்ணாடியை எடுத்து மூக்கில் ஏற்றிக்கொண்டார். இடது கண்ணை இறுக்கி மூடினார். உலகம் பெரிதாகி, இடுப்பு ஒடுங்கி, அவர் மூக்குக்கு முன்னால் வந்து நின்றது.

"பட்டு நூல்ல எட்டுத் தையல் போட்ட கண்ணு," என்றார், கத்தியைத் தடவித் தேடிக்கொண்டே. "சும்மா இருந்து தின்னலாமா?"

தோலின் மேல் கீறல் விழுந்தது. தளவாய் பழக்கம் மாறாமல் சாக்கின் வாயை விரித்துப் பிடித்தான்.